ரோமனோவ் ரூபிளை எடை போட்ட மூன்று மாலைகள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பாட்டி எண்பதைத் தாண்டியவர். ஒரு மாலை பழைய தேயிலை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் கவிழ்த்தார். பொத்தான்கள், ஊக்குகள், நூற்கண்டுகள், நடுவே இரண்டு பெரிய வெள்ளி நாணயங்கள். "ராஜா படம் போட்டது என்ன விலைக்குப் போகும், பார்த்துச் சொல்லு" என்றார். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் நாணயம் சேர்ப்பவன் என்று அவருக்குத் தெரியும்.

அது என்ன நாணயம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்னால் தலையில் எதுவும் அணியாத, ராணுவ உடையில் இருக்கும் இரண்டாம் நிக்கோலாஸ், ரஷ்யாவின் கடைசி ஜார். அவருக்குப் பின்னால் மோனமாகின் தொப்பி எனப்படும் பழைய முடியோடு மிகயில் ஃபியோதரவிச். சுற்றிலும் மணி மணியாகப் புள்ளிகள். மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 'ரூபிள்' என்ற சொல், 1613, 1913 என்ற இரு ஆண்டுகள். ரோமனோவ் வம்சத்தின் 300 ஆண்டு நிறைவுக்காக வந்த நினைவு நாணயம் இது. 1613 பிப்ரவரியில் பதினாறு வயதுப் பையன் மிகயிலைச் சபை கூடி ஜாராகத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்துதான் அந்த 300 ஆண்டுக் கணக்கு.

பெயர் சொல்வது சுலபம், ஆனால் அது அசல்தானா என்று சொல்வதற்கு மூன்று மாலைகள் பிடித்தன. ரஷ்யப் பேரரசின் நினைவு நாணயங்களில் அதிகம் கைமாறுவது இதுதான், அதனால் போலிகளும் ஏராளம். விலையைப் பற்றி அன்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பாட்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். விலையை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டால் நாணயத்தில் இருக்கும் குறை கண்ணில் படாது. எனக்கு இது முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது.

முதல் மாலை: விளிம்பு

போலி செய்பவர்கள் இரண்டு முகங்களிலும் உழைப்பைக் கொட்டுவார்கள், விளிம்பில் சோம்பிவிடுவார்கள். அதனால் நான் எப்போதும் விளிம்பில்தான் தொடங்குவேன். மேசை விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணயத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே பத்து மடங்கு லென்ஸில் படித்தேன். எழுத்துகள் உள்ளே குழிந்து இருந்தன. 'சீஸ்தவ ஸிரிப்ரா 4 ஸலத்னிகா 21 தோல்யா'. தூய வெள்ளி 4 ஸலத்னிக் 21 தோல்யா என்று பொருள், இரண்டும் பழைய ரஷ்ய எடை அளவுகள். கடைசியில் அடைப்புக்குள் ரஷ்ய 'வெ', 'எஸ்' எழுத்துகள். அன்று நாணயச்சாலையில் பொறுப்பில் இருந்த விக்தர் ஸ்மிர்னோவின் முதலெழுத்துகள் அவை. 1913 ரோமனோவ் ரூபிளில் இருக்க வேண்டிய எழுத்துகளும் அவைதான்.

முதல் சொல்லின் எழுத்துக்கூட்டையும் கவனிக்க வேண்டும். இன்றைய ரஷ்யத்தில் அந்த இடத்தில் 'ஓ' வரும். இதில் 'ஆ' இருக்கிறது. 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வழக்கம் அது. அவசரத்தில் செய்த போலிகளில் விளிம்பு வெறும் கோடுகளாக இருக்கும். எழுத்து இருந்தாலும் பக்கச்சுவர்கள் உருண்டு, சோப்பில் விரலை வைத்து அழுத்தினாற்போல மழுங்கிக் கிடக்கும். வார்ப்பில் செய்ததாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும், அரத்தால் தேய்த்து மறைத்திருந்தாலும் அரத்தின் கீறல் தெரியும். இதில் எழுத்துகளின் மூலைகள் கூர்மையாகவே இருந்தன. ஒட்டுக்கோடு இல்லை.

ஆனால் 'ஸலத்னிகா' என்ற சொல்லின் நடுவில் வந்ததும் லென்ஸை நிறுத்தினேன். மூன்று எழுத்துகள் காணோம். அந்த இடம் சாம்பல் நிறத்தில் மங்கி, லேசாகப் புடைத்திருந்தது. அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன், பிறகு வருகிறேன்.

விளிம்பில் எழுதியிருப்பது உண்மையில் ஓர் எடைக் கணக்கு. நம் ஊரில் பொன் நிறுக்கக் குன்றிமணி இருந்ததுபோல, பழைய ரஷ்யாவில் விலையுயர்ந்த உலோகங்களுக்கு ஸலத்னிக். ஒரு ஸலத்னிக் 4.266 கிராம், அதில் 96 தோல்யா. 4 ஸலத்னிக் என்றால் 17.06 கிராம். 21 தோல்யா 0.93 கிராம். கூட்டினால் 18 கிராமுக்கு மயிரிழை குறைவு. ரூபிளின் வெள்ளி 900 தரம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 18ஐ 0.9ஆல் வகுத்தால் 20. ஆக, நாணயம் மொத்தம் 20 கிராம் இருக்க வேண்டும் என்று அதன் விளிம்பே சொல்லிவிடுகிறது. அட்டவணை எதையும் புரட்ட வேண்டாம்.

அப்புறம்தான் தராசை எடுத்தேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. மூன்று முறை வைத்து எடுத்தேன், மூன்று முறையும் 19.87. வெர்னியர் காலிப்பரின் முனைகளில் காகிதத்தை ஒட்டி (உலோகம் உலோகத்தில் உரசக் கூடாது) விட்டம் அளந்தேன்: 33.6 மில்லிமீட்டர். எதிர்பார்த்த அளவுதான். 0.13 கிராம் குறைந்ததற்குத் தேய்மானம் போதுமான காரணம். முதல் மாலை அதோடு முடிந்தது.

இரண்டாவது மாலை: தண்ணீர்

எடையும் விட்டமும் சரியாக இருந்தும் போலியான நாணயங்களைப் பார்த்திருக்கிறேன். செம்பு நிக்கல் கலவையில் கொஞ்சம் தடிமனாக அடித்து வெள்ளி முலாம் பூசினால் 20 கிராமைக் கொண்டுவந்துவிடலாம். அதைக் காட்டிக்கொடுப்பது அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 900 தர வெள்ளிக்கு 10.3, செம்பு நிக்கலுக்கு 8.9, பித்தளைக்கு 8.5 அளவில் வரும். காந்தத்தை நம்புவதில் பயனில்லை, இந்த உலோகங்கள் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. வேண்டுமானால் நாணயத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, சாய்த்துப் பிடித்து, சக்தியுள்ள நியோடிமியம் காந்தத்தை நழுவவிடலாம். வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் காந்தம் தேனில் இறங்குவதுபோல மெல்ல இறங்கும். பார்க்க அழகாக இருக்கும், எண் எதுவும் கிடைக்காது.

எண் வேண்டுமென்றால் தண்ணீர்தான். தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரை வைத்து, காட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மெல்லிய நைலான் நூலில் நாணயத்தைச் சுருக்கிட்டு, ஒரு கரண்டிக் காம்பில் தொங்கவிட்டு, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி இறக்கினேன். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது தராசு காட்டுவது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

தராசு 2.03 காட்டியது. 19.87ஐ அதால் வகுத்தேன்: 9.79.

வயிற்றில் ஏதோ செய்தது. வெள்ளிக்கும் செம்பு நிக்கலுக்கும் நடுவில் நிற்கும் எண் அது. பாட்டி எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்று கேட்டார். "இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றேன். திரும்பவும் அதே மாதிரி, 2.02.

அப்போதுதான் டப்பாவில் இருந்த இன்னொரு நாணயம் ஞாபகம் வந்தது. 1924ஆம் ஆண்டு சோவியத் வெள்ளி ரூபிள். தொழிலாளி ஒருவர் விவசாயியின் தோளில் கைபோட்டு, உதிக்கும் சூரியனைக் காட்டும் படம். அதுவும் 20 கிராம், அதே 900 தரம். தேய்ந்து நைந்து போயிருந்தாலும் அதன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அதையும் அதே நூலில் கட்டி இறக்கினேன். அதற்கும் 9.8க்குப் பக்கத்தில்தான் வந்தது. சரி, தப்பு நாணயத்தில் இல்லை, என் கையில்.

டம்ளருக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். கழுகின் இறக்கைகளுக்கு நடுவிலும் புள்ளி வரிசையிலும் கடுகைவிடச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த தண்ணீர், சூடான அறைக்கு வந்ததும் கரைந்திருந்த காற்றை வெளியே விட்டிருக்கிறது. ஒவ்வொரு குமிழியும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும், அடர்த்தி குறைந்து தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அறைச் சூட்டுக்கு ஆறவிட்டேன். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டேன், தண்ணீர் பரப்பில் படிந்து ஓடுவதற்காக. நாணயத்தை உள்ளே இறக்கி ஒருமுறை மெல்ல ஆட்டி, குமிழி இல்லை என்று டார்ச்சில் பார்த்துவிட்டு, ஆட்டம் நின்றதும் எண்ணைப் படித்தேன். 1.93. வகுத்தால் 10.3.

இந்தத் தராசில் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே அடர்த்தி 0.05 அளவு நகரும். அதனால் 10.25க்கும் 10.35க்கும் நடுவே எங்கோ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி என்று சொல்ல அது போதும். 1913இல் அடித்தது என்று சொல்ல அது போதாது. நல்ல வெள்ளியிலேயே போலி செய்தவர்களும் உண்டு. அதற்குத்தான் முதல் மாலையின் விளிம்பும், மூன்றாவது மாலையின் லென்ஸும்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அந்த 1924 ரூபிளின் விளிம்பு. 'தூய வெள்ளி 18 கிராம்' என்று புது எழுத்துக்கூட்டில் எழுதி, அடைப்புக்குள் பழைய 4 ஸலத்னிக் 21 தோல்யாவையும் சுருக்கமாகப் போட்டிருந்தார்கள். ஜார் போய், எழுத்து மாறி, அளவை முறையும் மாறிய பிறகும், நாணயத்தில் அதே 18 கிராம் வெள்ளி. நான் முந்தைய நாள் காகிதத்தில் போட்ட கணக்குக்கு விடை டப்பாவிலேயே இருந்திருக்கிறது.

மூன்றாவது மாலை: அச்சா, தேய்வா, பற்பொடியா

இந்த ரூபிள் இரண்டு விதமாக அடிக்கப்பட்டது. ஒன்றில் இரு ஜார்களின் உருவங்கள் தட்டையாக இருக்கும், இன்னொன்றில் புடைத்து நிற்கும். சேகரிப்பாளர்கள் இரண்டையும் தனித்தனி வகையாகவே பதிகிறார்கள். புடைப்பான வகை தேய்ந்து போனால் தட்டையான வகைபோலத் தெரியும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான் பார்ப்பது உயர்ந்த இடங்களில் மிஞ்சியிருக்கும் பளபளப்பை. தட்டையாக அடித்த நாணயம் புழங்காமல் இருந்தால் நிக்கோலாஸின் கன்னத்திலும் புருவத்திலும்கூட அச்சின் பளபளப்பு அறுபடாமல் ஓடும். தேய்ந்ததில் உயர்ந்த இடம் மட்டும் மங்கி, பள்ளத்தில் பளபளப்பு தங்கியிருக்கும். பாட்டியின் நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தபோது மீசையும் நெற்றி முடியும் மழுங்கியிருந்தன. ஆனால் உருவத்தின் ஓரம் நாணயத்தின் வெற்றுத் தரையிலிருந்து சுவர்போல எழும்பி நின்றது. புடைப்பான வகை, மிதமான தேய்வு.

சுற்றியிருக்கும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அச்சில் அடித்த நாணயத்தில் புள்ளிகள் தனித்தனியாக, அடி வரை வெட்டினாற்போல நிற்கும். வார்ப்பில் அடியில் கூழ்போலச் சேர்ந்து கிடக்கும், நடுநடுவே ஊசிமுனைக் குழிகளும் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு நிச்சயம் வந்தது. அசல்.

ஆனால் அதே சாய்ந்த வெளிச்சத்தில் மற்றொன்றும் தெரிந்தது. இரு முகங்களின் தரையிலும் ஒரே திசையில் ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். புழக்கத்தில் விழும் கீறல் நாலா பக்கமும் போகும். இது யாரோ அழுத்தித் தேய்த்த கோடு. பாட்டியிடம் கேட்டேன். "பண்டிகைக்கு முன்னால் அம்மா வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் பற்பொடி போட்டுத் தேய்ப்பாள், கரண்டி, நாணயம் எல்லாம்தான்" என்றார். அன்றைய பற்பொடி சுண்ணக்கட்டித் தூள். வெள்ளி மிருதுவானது, தாங்காது.

அவர் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சுத்தமாக வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்தவர்கள். ஆனால் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது பழைய வெள்ளி நாணயம் இருந்தால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திருநீறு, புளி, பற்பொடி, பாலிஷ் எதுவும் போட வேண்டாம். கறுத்த படலம் அழுக்கு இல்லை, அது நாணயத்தின் தோல். எண்ணெய்ப் பிசுக்கோ டேப் பசையோ இருந்தால், ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, கலப்படமில்லாத அசிட்டோனில் சற்று ஊறவிட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள். இதையும் நான் இந்த நாணயத்தில் செய்யவில்லை, தேவைப்படவில்லை.

இப்போது அந்த மூன்று எழுத்துகள். சாம்பல் நிறப் புடைப்பை லென்ஸில் பார்த்தால் ஈயப்பற்று என்று தெரிந்தது. நாணயத்தை நிமிர்த்தி வைத்தால் அந்த இடம் சரியாக உச்சியில், மிகயிலின் தொப்பிக்கு மேலே வந்தது. யாரோ இங்கே ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாம் ஊசிக்குக் காது சொல்வதுபோல, பதக்க வளையத்தை ரஷ்யர்கள் 'உஷ்கோ' என்பார்கள், குட்டிக் காது. "இதற்கு ஒரு உஷ்கோ இருந்திருக்கிறது" என்று சொன்னதும் பாட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் பிறப்பதற்கு முந்தைய கதை, அம்மா சொல்லிக் கேட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் உணவுக்குத் தட்டுப்பாடு. தோர்க்சின் என்று அரசுக் கடைகள் இருந்தன. 1931இல் தொடங்கி 1936இல் மூடப்பட்டவை. தங்கத்தைக் கொடுத்தால் மாவும் சர்க்கரையும் கொடுப்பார்கள், 1932 முடியும் தறுவாயிலிருந்து வெள்ளியையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டின் வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் அப்படித்தான் போயின. பாட்டியின் பாட்டி ஒரே ஒரு பதக்கத்தை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடம் இல்லை என்று சொன்னாராம். "அது இதுதானா?" என்று என்னைக் கேட்டார். ஈயப்பற்றைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் வளையம் இருந்தது நிச்சயம் என்றேன்.

விலை

அசல், வகை, நிலை, குறை எல்லாம் கையில் வந்த பிறகுதான் விலைக்கு வந்தேன். அடித்தளம் வெள்ளி: 18 கிராம், தேய்மானம் போக அதற்குச் சற்றுக் கீழே. வெள்ளி விலை தினமும் மாறுவதால் விற்கும் நாளன்று புதிதாகப் பெருக்க வேண்டும். அதற்கு மேல் சேர்வது அரிதா என்பதைப் பொறுத்தது. நூறு வருடம் தாண்டியது என்றாலே லட்சங்கள் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இந்த ரூபிள் சுமார் 14 லட்சத்து 72 ஆயிரம் அடிக்கப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், அப்படிப் பதுக்கியவை இன்றும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு, 1914இல், காங்குத் கடற்போரின் 200 ஆண்டு நினைவாக வந்த ரூபிளை இதோடு ஒப்பிட்டால் புரியும். அது 30 ஆயிரம் அளவில்தான் அடிக்கப்பட்டது, அதிலும் பெரும்பகுதி திரும்ப உருக்கப்பட்டது. அதன் விலை வேறு உலகம்.

கடைக்காரர்கள் கேட்கும் விலையை நான் பார்ப்பதே இல்லை. முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் கைமாறிய தொகையை மட்டும், படத்தோடு, எழுதி வைத்துக்கொண்டேன். தேய்த்துக் கெடுக்காத, இதே அளவு தேய்ந்த நாணயங்கள் வெள்ளி மதிப்பைப் போல மூன்று நான்கு மடங்குக்குப் போயிருந்தன. 'காது இருந்த தடம்' என்று குறிப்பிட்டவை அதில் பாதிக்கும் கீழே. பற்பொடிக் கோடுகளும் சேரும்போது, வெள்ளி மதிப்புக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் நியாயமான எண். சரிபார்க்க ஒரு கடைக்கும் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் தராசில் வைத்தார், விளிம்பைப் பார்க்கவே இல்லை, வெள்ளி விலையைச் சொன்னார். அவர் துணியை எடுத்துத் துடைக்கப் போனபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ஈயத்தை எடுத்துவிட்டால் விலை ஏறாதா என்று பாட்டி கேட்டார். சூடு காட்டினால் வெள்ளியின் நிறம் போய்விடும், சுரண்டினால் அடியில் மிஞ்சியிருக்கும் எழுத்தும் போய்விடும். இருப்பது இருக்கட்டும் என்றேன். வெளிநாட்டில் விற்கலாமா என்ற பேச்சும் வந்தது. நூறு ஆண்டு தாண்டிய பொருளை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கலாச்சார அமைச்சகத்தின் வழியாகப் போக வேண்டும், இந்த விலைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

இந்த நாணயம் அடிக்கப்பட்ட இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பீட்டர் பால் கோட்டைக்குள் நாணயச்சாலையும் தேவாலயமும் எதிரெதிரே நிற்கின்றன. நாணயத்தில் இருக்கும் நிக்கோலாஸ் 1917இல் பதவி இழந்து, 1918இல் சுடப்பட்டு, 80 ஆண்டு கழித்து 1998இல் அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். முகம் அச்சான இடத்துக்கும் எலும்பு வைத்த இடத்துக்கும் நடுவே ஒரு முற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கைபிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நாணயத்தைக் கைப்பைக்குள் வைத்து மேலே கையை மூடியே நடந்தார்.

விற்கவில்லை. பிவிசி பிளாஸ்டிக் கலக்காத வட்ட உறை ஒன்றில் போட்டு, கூடவே ஓர் அட்டை எழுதி வைத்தேன்: 1913, புடைப்பு வகை, 19.87 கிராம், 33.6 மில்லிமீட்டர், அடர்த்தி 10.3, விளிம்பில் 'வெ', 'எஸ்', உச்சியில் ஈயப்பற்று, பழைய தேய்ப்புக் கோடுகள். பாட்டி கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, ஈயப்பற்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பாட்டியின் பெயரை எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டார்.